மேட்டில் ஓடும், சமதரையில் நிற்கும்



உடைந்த பொருளைச் செப்பனிடுவது அரிதன்று. சில வேளைகளில் மட்டும் தோன்றி, ஆராய்வார் முன் மறைந்துவிடும் பழுதே மனிதனைத் திணறச் செய்கிறது. அத்தகைய பழுது ஒன்று மோட்டார் வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதியை எனக்குக் கற்பித்தது. நேர்மையான ஒருவர் சொல்லை நான் ஐயுற்ற பிழையையும் அதுவே காட்டியது.

என்னிடம் 1962-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட நான்கு சிலிண்டர் கார் ஒன்று உண்டு. பதினோர் ஆண்டுகளாக அதனை ஓட்டி வந்த காரோட்டி ஒரு நாள் என்னிடம் வந்தார். "மேட்டுப்பாளையம் போகும் சமதரைச் சாலையில் எஞ்சின் திடீரென்று அணைந்து போகிறது, ஐயா. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. குன்னூர் ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை" என்றார்.

மேட்டில் இழுக்கும் வண்டி சமதரையில் நிற்குமோ? பட்டறையில் நிறுத்தி இயக்கிப் பார்த்தோம். எஞ்சின் சீராகவே ஓடியது. மும்முறை இவ்வாறே நிகழ்ந்தது. பின்னொரு நாள் நடுச்சாலையில் எஞ்சின் அணைய, பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகிச் சென்றது. அச்சமும் சினமும் கொண்டு, அவருடைய கவனக்குறைவே காரணம் எனக் கடிந்துரைத்தேன். அடுத்த மாதம் முதல் வேறு வேலை தேடிக்கொள்ளுமாறும் சொல்லிவிட்டேன். "நான் சொன்னது மெய், ஐயா" என்று மட்டும் கூறிச் சென்றார்.

அச்சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. மோட்டார் வண்டி பற்றிய பழைய நூல்களை எடுத்துப் புரட்டினேன்.

பெட்ரோல் எஞ்சினுக்கு உயிர் தருவது மின்தீப்பொறி. 1831-இல் பாரடே கண்ட மின்தூண்டல் நெறியே அதற்கு அடிப்படை. 1902-இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் பட்டறையைச் சேர்ந்த ஹோனோல்ட் என்பார் உயர் அழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த பேட்டரி முறை 1910-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் இடம்பெற்றது. பேட்டரியின் மின்னோட்டம் காயில் வழியே ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள 'பாயின்ட்' விலகி அதனைத் துண்டிக்கும் கணத்தில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பொறி பிறக்கிறது. நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் வினாடிக்கு 100 பொறிகள் எழவேண்டும்.

பொறி எழும் காலமும் இன்றியமையாதது. எஞ்சின் விரைந்து ஓடினால் பொறி முந்தவேண்டும். இளஞ்சுமையில் எரிபொருட் கலவை மெல்ல எரிவதால் இன்னும் முந்தவேண்டும். 1908 முதல் 1927 வரை வெளிவந்த போர்டு 'டி' வண்டியில், ஸ்டியரிங்கின் கீழ் இருந்த கைப்பிடி ஒன்றால் ஓட்டுபவரே இக்காலத்தை மாற்றினார். பிற்காலத்தில் அப்பணி இயந்திரத்திற்கே மாறியது. கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயின் உறிஞ்சுவிசை, பாயின்ட் பொருந்திய தட்டைச் சிறிதே திருப்பும். ஓட்டுபவரின் கை ஓய்வு பெற்றது. ஆனால், தட்டு அசைவதால் அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சிறு கம்பியும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர நேர்ந்தது.

இதனைப் படித்ததும் திடுக்கிட்டேன். எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது என் வண்டியின் குழாயில் உறிஞ்சுவிசை இல்லை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தும்போதும் அது மிகக் குறைவு. சமதரையில் இளஞ்சுமையோடு செல்லும்போதே தட்டு நன்கு திரும்புகிறது. காலை எடுத்தால் விசை நீங்கி, வில் தட்டைப் பழைய நிலைக்கு இழுத்துவிடுகிறது. காரோட்டி கூறிய ஒவ்வொரு சொல்லும் இதனோடு பொருந்தி நின்றது!

மறுநாள் விடிந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த முதிய மின் மெக்கானிக்கிடம் நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் எஞ்சினை ஓடவிட்டு, அந்த மெல்லிய குழாயைக் கழற்றித் தம் வாயில் வைத்து உறிஞ்சினார். எஞ்சின் அணைந்தது. மீண்டும் இயக்கி மீண்டும் உறிஞ்சினார், மீண்டும் அணைந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, விரல் நீளமும் இல்லாத ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார். மேலுறை பழுதின்றி இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அனைத்தும் அறுந்திருந்தன. தட்டு அசையாதபோது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மின்சாரம் செல்ல வழிவிட்டன. தட்டு திரும்பியதும் பிரிந்தன.

இன்றைய வண்டிகளில் பாயின்டும் இல்லை, அதற்குரிய கம்பியும் இல்லை. பழுது தோன்றினால் வண்டியிலுள்ள கணினியே பெரும்பாலும் அதனைக் குறித்து வைக்கிறது. பழைய வண்டிக்கு அத்தகைய நினைவு கிடையாது. அதனை ஓட்டியவரின் சொல்லே அதன் நினைவு. எப்பொழுது நின்றது, எந்நிலையில் நின்றது என்று அவர் தெளிவாகவே சொன்னார். நானோ, என் கண்முன் நிகழாதது நிகழவே இல்லை என முடிவு செய்தேன்.

பட்டறையிலேயே, மெக்கானிக்கின் முன்னிலையில், என் பிழையைச் சொல்லி அவரிடம் பொறுத்தருளுமாறு வேண்டினேன். வேலையில் தொடர்ந்து இருக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "மேட்டுப்பாளையம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம், ஐயா, நீங்களும் வாருங்கள்" என்றார். சென்றோம். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை.