யாரையும் குற்றம் சொல்லாத கூட்டம்

எட்டு வயதுப் பையன். அமெரிக்காவின் தெற்கே வட கரோலினாவில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கிராமப்புறத்தில் வளர்ந்தவன். வடக்கே நியூ ஹேவன் நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். வேலைக்குப் போகிற வழியில் உறவுக்காரப் பெண் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறார். தலைமையாசிரியர் அவனை வகுப்புக்குக் கூட்டிப் போகிறார். அந்த வகுப்பு ஆசிரியையிடம் முந்தைய வாரம்தான் மூன்று புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். இப்போது இன்னொன்றா? அவர் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிய விதத்திலேயே பையனுக்குப் புரிந்துவிட்டது, இங்கே நம்மை யாருக்கும் வேண்டாம் என்று. அவர் காலில் ஓர் உதை விட்டுவிட்டு வெளியே ஓடினான்.

இதைப் பதிவு செய்தவர் ஜேம்ஸ் கோமர். யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர். 1988 நவம்பரில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவம் வருகிறது. அதைப் படித்தபோது எனக்குப் பையன்மேல் மட்டுமல்ல, அந்த டீச்சர்மேலும் இரக்கம் வந்தது. அவரும் பாவம், என்னதான் செய்வார்?

கோபம் வந்தால் என்ன செய்வது, அடுத்தவர் மனசு எப்படி இருக்கும் என்று யோசிப்பது, சண்டையைப் பேசித் தீர்ப்பது, கூச்சப்படாமல் உதவி கேட்பது. இவற்றையும் கணக்கு, அறிவியல் மாதிரி பள்ளியில் சொல்லித்தர முடியும் என்கிற எண்ணத்துக்கு இன்று ‘சமூக, உணர்வுக் கற்றல்’ என்று பெயர். அதன் வேர்களில் முக்கியமான ஒன்று நியூ ஹேவனில் இருக்கிறது. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. இது பிள்ளைகளுக்கான பாடமாகத் தொடங்கவே இல்லை. பள்ளியில் வேலை செய்யும் பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் பழகிக்கொள்ளும் முயற்சியாகத்தான் தொடங்கியது.

கோமர் 1934இல் பிறந்தவர். இண்டியானா மாநிலத்தின் ஈஸ்ட் சிகாகோ என்ற ஊர். அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி, அம்மா வீட்டு வேலை செய்தவர். கோமருக்குப் பள்ளியில் மூன்று நண்பர்கள். அவர்களும் இவரைப் போலவே கறுப்பினத்தவர்கள், இவருக்குச் சமமான புத்திசாலிகள். பிற்காலத்தில் ஒருவர் குடியால் சீக்கிரம் செத்துப்போனார். ஒருவர் வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். இன்னொருவர் மனநல மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். இவர் மட்டும் டாக்டரானார். ஏன் இப்படி? அறிவில் வித்தியாசம் இல்லை என்றால் வேறு எதில்? இந்தக் கேள்விதான் அவரை மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்தது.

அவருக்குக் கிடைத்த பதில் ரொம்ப எளிமையானது. அவருடைய அம்மாவும் டீச்சரும் மளிகைக் கடையில் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். பள்ளியில் செய்த சேட்டை அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பையனைச் சுற்றியிருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள், அதனால் அவனும் அவர்களை நம்பினான். 1960களின் நகரங்களில் அந்தச் சங்கிலி அறுந்துபோயிருந்தது. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் ஒரு பக்கம், வேறெங்கோ குடியிருந்து பள்ளிக்கு வந்துபோன ஆசிரியர்கள் இன்னொரு பக்கம். ஆசிரியர் பயிற்சியிலோ பாடம் நடத்தச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, குழந்தை எப்படி வளர்கிறது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

1968இல் கோமரின் குழு நியூ ஹேவனின் இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. அவரோடு ஒரு சமூகப் பணியாளர், ஓர் உளவியலாளர், ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர். நகரத்தில் இருந்த 33 தொடக்கப் பள்ளிகளில் இந்த இரண்டும் தேர்ச்சியில் 32ஆவது, 33ஆவது இடத்தில் இருந்தன. பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருமே ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். முதல் வருடம் ஒரே குழப்பம். பெற்றோருக்குக் கோபம், ஆசிரியர்களுக்குச் சலிப்பு, வந்த நிபுணர்கள்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

அதிலிருந்து மெல்ல உருவானதுதான் பள்ளி நிர்வாகக் குழு. தலைமையாசிரியர், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர், ஒரு மனநல நிபுணர், அப்புறம் பாடம் நடத்தாத பணியாளர்களிலிருந்து ஒருவர். கடைசியாகச் சொன்னவரைக் கவனியுங்கள். பள்ளி ஊழியர் என்றால் டீச்சர் மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பிள்ளை ஒரு நாளில் எத்தனை பெரியவர்களைக் கடந்து போகிறது!

குழுவுக்கு மூன்று விதிகள் இருந்தன. ஒன்று, யார்மேலும் பழி போடக் கூடாது, பிரச்சினையை மட்டும் பேச வேண்டும். இரண்டு, வாக்கெடுத்து ஜெயிப்பது கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொள்கிற முடிவுக்கு வர வேண்டும். மூன்று, தலைமையாசிரியரின் கையைக் கட்டிப்போடக் கூடாது, அவரும் குழுவை மீறித் தன்னிச்சையாக நடக்கக் கூடாது. ‘பையன் சரியில்லை’, ‘வளர்ப்பு சரியில்லை’, ‘டீச்சர் சரியில்லை’ என்ற மூன்று வாக்கியங்களும் அந்த அறையில் செல்லாது. இவை இல்லாமல் பேச்சைத் தொடர முடியுமா என்று நம்முடைய ஏதாவது ஒரு கூட்டத்தில் முயன்று பார்த்தால், இது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும்.

உதைத்துவிட்டு ஓடிய பையன் விஷயத்துக்கு வருவோம். வழக்கப்படி என்ன நடக்கும்? தண்டனை, மறுபடி வகுப்பு, சக மாணவர்களின் சிரிப்பு, மறுபடி அடிதடி, கடைசியில் ‘மனநலப் பிரச்சினை உள்ள பிள்ளை’ என்ற முத்திரை. கோமரின் குழு அதற்குப் பதிலாக ஊழியர்களோடு உட்கார்ந்தது. தெரிந்த முகங்களையெல்லாம் இழந்துவிட்டு, யாரென்றே தெரியாத கூட்டத்துக்குள் எட்டு வயதில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று சேர்ந்து யோசிக்க வைத்தது. பயந்த பிள்ளை ஒன்று எதிர்த்து நிற்கும், இல்லை ஓடிவிடும். இவன் இரண்டையும் செய்தான், அவ்வளவுதான். ஆசிரியை குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. அதனால்தான் அவரால் தன்னைத் தற்காத்துக்கொண்டிருக்காமல், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முடிந்தது. புதிதாக வரும் பிள்ளைகளை எப்படி வரவேற்பது என்பது அந்தப் பள்ளியின் வேலைகளில் ஒன்றானது.

இன்னொரு மாற்றமும் இப்படிப் பேசிப் பேசித்தான் வந்தது. ஒரு குழந்தை டீச்சரை நம்பவே பல மாதங்கள் ஆகின்றன, நம்புகிற நேரத்தில் வருடம் முடிந்துவிடுகிறது. அதனால் இரண்டு வருடம் ஒரே ஆசிரியரிடம் விட்டார்கள்.

பிள்ளைகளுக்கான சமூகத் திறன் பாடம் வந்தது 1977இல், அதாவது ஒன்பது வருடம் கழித்து! அதுவும் பெற்றோரிடம் ‘உங்கள் பிள்ளைகள் பெரியவர்களானதும் எப்படி வாழ வேண்டும்?’ என்று கேட்டு உருவாக்கியது. அரசியல், பொருளாதாரம், உடல்நலம், ஆன்மிகமும் பொழுதுபோக்கும் என்று நான்கு பிரிவுகள். மேயர் தேர்தலில் நின்றவர்களுக்குப் பிள்ளைகளே கடிதம் எழுதி அழைத்தார்கள், வந்தவர்களை உபசரித்தார்கள், நன்றிக் கடிதம் எழுதினார்கள். 1984இல் நான்காம் வகுப்புத் தேர்வில் அந்த இரண்டு பள்ளிகளும் நகரத்தில் மூன்றாவது, நான்காவது இடத்துக்கு வந்திருந்தன. அந்தப் பகுதியின் வறுமை மட்டும் அப்படியேதான் இருந்தது.

இதற்கப்புறம் கதை வேகமெடுக்கிறது. 1987 முதல் ரோஜர் வைஸ்பெர்க், டிமத்தி ஷ்ரைவர் போன்றோர் இதே நகரத்தின் பள்ளிகள் முழுவதற்குமான திட்டத்தில் இறங்கினார்கள். 1994இல் ‘சமூக, உணர்வுக் கற்றல்’ என்ற பெயரும் அதற்கென்று ஓர் அமைப்பும் பிறந்தன. 1995இல் டேனியல் கோல்மனின் ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ வெளிவந்து விற்றுத் தள்ளியது. விஷயம் பாடத்திட்டமானது, கையேடானது, பெட்டியில் வைத்து அனுப்பக்கூடிய பொருளானது.

பெட்டியில் எதை வைக்க முடியவில்லை என்பதை இங்கிலாந்து காட்டியது. 2005இல் தொடக்கப் பள்ளிகளிலும் 2007 முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் ‘சீல்’ என்ற திட்டம் அரசு ஆதரவோடு போனது. எந்தப் பகுதியை எப்படிச் செய்வது என்பது பள்ளிகளின் விருப்பம். உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய 2010ஆம் ஆண்டு மதிப்பீடு, மாணவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்றது.

அப்படியானால் எல்லாமே வீணா? இல்லை. 2011இல் ஜோசப் டர்லாக், வைஸ்பெர்க் குழுவினர் 213 திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை, படிப்பில் சுமார் 11 இடம் முன்னேறுவதற்குச் சமமான பலன் தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தியபோது படிப்பில் முன்னேற்றம் தெரியவில்லை, பள்ளியின் சொந்த ஊழியர்கள் நடத்தியபோதுதான் தெரிந்தது. நியூ ஹேவன் கண்டுகொண்டதற்கு இது எண்ணிக்கையில் கிடைத்த சாட்சி.

2022இல் வந்த பிரிட்டனின் ‘மிரியட்’ ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்கள் முதலில் எட்டு வாரம் தாங்களே மனக்கவனப் பயிற்சி எடுத்துக்கொண்டு, பிறகு பிள்ளைகளுக்குப் பத்து வகுப்புகள் நடத்தினார்கள். வழக்கமான பாடங்களைவிட இது பிள்ளைகளின் மனநலத்துக்கு அதிகமாக உதவியதாகத் தெரியவில்லை. ஆனால் ஆசிரியர்களின் பணிச்சோர்வு குறைந்தது, கொஞ்ச காலத்துக்காவது. பிள்ளைகளுக்காக வாங்கிய மருந்து டீச்சருக்கு வேலை செய்திருக்கிறது!

நான் டீச்சர் வீட்டுப் பிள்ளை. அம்மா எத்தனையோ பயிற்சிகளுக்குப் போய்வந்திருக்கிறார். ஒரு ஃபைல், ஒரு பேனா, ரெண்டு சமோசாவோடு திரும்பி வருவார். “என்னம்மா சொன்னாங்க?” என்று கேட்டால், “பிள்ளைங்ககிட்ட பொறுமையா இருக்கணுமாம்” என்பார். அவரிடம் யார் பொறுமையாக இருந்தார்கள் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் கேட்டதில்லை.

ஆகவே இனி ஏதாவது ஒரு பள்ளி ‘எங்கள் ஊழியர்களுக்கு உணர்வுத் திறன் பயிற்சி கொடுக்கிறோம்’ என்று சொன்னால், பாடப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் நான் மூன்று விஷயங்களைத்தான் கேட்பேன். அந்த அறையில் சத்துணவு அக்காவும் வாட்ச்மேன் அண்ணனும் உட்கார்ந்திருக்கிறார்களா? ஒரு நாள் கூத்தா, இல்லை அடுத்த வாரமும் கூடுவார்களா? ஒரு டீச்சர் எழுந்து “இந்தப் பையனை என்னால சமாளிக்க முடியல” என்று சொன்னால், அவர் வேலைக்கு ஆபத்து வராமல் இருக்குமா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், புத்தகம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.