திருகோணமலையின் பெயர் தாங்கிய மரக்கலம்

பழுதுற்ற பாய்க்கப்பலொன்றை உடைப்பதா, புதுக்கிக் காப்பதா என்னும் வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. செலவை மட்டும் கணக்கிடுவோர் உடைத்துவிடுக என்பர். பழம்புகழை மட்டும் நினைப்போர் காத்திடுக என்பர். இவ்விரு நோக்குகளும் தனித்து நின்று போதியன அல்ல. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘திரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பலின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

இந்துசமுத்திரத்தின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை. ஐரோப்பிய வல்லரசுகள் அதன்மீது கொண்ட வேட்கைக்கு 1782ஆம் ஆண்டு ஒன்றே சான்றாகும். அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர்; ஓகத்தில் பிரெஞ்சுக்காரர் பறித்துக்கொண்டனர்; செப்டெம்பர் 3ஆம் திகதி சுஃவ்ரன், ஹியூஸ் ஆகியோரின் கடற்படைகள் துறைமுகத்துக்கு அப்பால் பொருதன. 1795இல் துறைமுகம் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பிரித்தானியக் கடற்படை தன் கப்பலொன்றுக்கு இத்துறைமுகத்தின் பெயரைச் சூட்டியது வியப்பன்று.

கப்பலின் பெயர் ஈழத்துக்குரியது. உடலோ இந்திய மண்ணுக்குரியது. பம்பாயில் புகழ்பெற்று விளங்கிய வாடியா குடும்பத்தைச் சேர்ந்த பார்சிக் கப்பற் சிற்பி சம்செட்சி பொமான்சியின் மேற்பார்வையில் அது உருவாகியது. அதன் வகைக்குரிய வரைபடங்களை ஏற்றிவந்த ‘யாவா’ என்னும் கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் தோற்று அழிந்தமையால் வேறு படிகள் அனுப்பவேண்டியதாயிற்று. 1817 ஒக்ரோபர் 12ஆம் திகதி ‘திரிங்கோமலி’ நீரில் இறக்கப்பட்டது. ஓக்கு மரத்திலுள்ள துவர்ப்பொருள் இரும்பாணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசையோ ஆணியையும் மரத்தையும் ஒருங்கே காக்கும். அக்கப்பலின் நெடுவாழ்வுக்கு மலையாளக் கரைத் தேக்கும் பம்பாய்த் தச்சர் கைத்திறனுமே அடிப்படையாயின.

1819இல் அது போர்ட்ஸ்மவுத்தை அடைந்தபோது நெப்போலியப் போர்கள் முடிந்திருந்தன. கூரை வேயப்பட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் வாளாவிருந்த அக்கப்பல் 1845இல் திருத்தப்பட்டு, 1847 முதல் அத்திலாந்திக்கிலும் 1852 முதல் பசிபிக்கிலும் பணிபுரிந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகியபின் கரையோரப் பயிற்சிக் கப்பலாக ஒடுங்கிற்று. 1897இல் உடைப்போர் கைக்கும் சென்றது.

அவ்வேளையில் அதனை விலைக்கு வாங்கியவர் வீற்லி கொப் என்பவர். இளைஞர் பயிற்சிக்காக அவர் வைத்திருந்த ‘ஃவூட்ரொயன்ற்’ என்னும் கப்பல் அதே ஆண்டு பிளாக்பூல் கரையிற் புயலால் அழிந்திருந்தது. அதன் பெயரையே புதிய கப்பலுக்கும் இட்டு, மீண்டும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். புகழைவிடப் பயனே அக்கப்பலைக் காத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதனருகே நின்ற ‘இம்பிளாக்கபிள்’ என்னும் கப்பலுக்கு அந்நற்பேறு கிட்டவில்லை. திரபல்கர் போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்ற அக்கலத்தின் வரலாற்றுப் பெருமை ‘திரிங்கோமலி’யினதை விட மிக்கது. ஆயினும் புதுக்கும் செலவை ஏற்பாரின்றி 1949 டிசெம்பர் 2ஆம் திகதி அது ஆங்கிலக் கால்வாயில் மூழ்கடிக்கப்பட்டது. பின்னர் எழுந்த வருத்தம் கப்பலை மீட்கவில்லை. ஏனைய கலங்களைக் காக்கும் முயற்சிக்கு மட்டுமே அது தூண்டுகோலாயிற்று.

பயிற்சிப் பணி முடிவுற்றபின், 1987இல் ‘திரிங்கோமலி’ ஹாட்டில்பூல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கப்பற்கட்டும் தொழில் நலிந்திருந்த அந்நகரில் 1990 முதல் 2001 வரை புதுக்கும் பணி நடைபெற்றது. செலவு ஒரு கோடி பவுணுக்கு மேலாகும். பாய்மரங்களும் கயிறுகளும் புதியனவாயினும் உடல்மரத்தின் பெரும்பகுதி பம்பாயில் இட்டதே. எஞ்சிய பழைய மரம், அதைக் கையாளவல்ல தொழிலாளர், பேணும் பொறுப்பை ஏற்ற நகரம் ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கிணைந்தன.

இவ்வளவுகோலை ஈழத்துக்குப் பொருத்திப் பார்ப்பது பயன்தரும். 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்து, பின்னர் திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த ‘சகாயிங்’ என்னும் நீராவிக் கப்பலை 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையினர் மிதக்கச் செய்தனர். துறைமுகத்தில் இடத்தை விடுவிப்பதே அதன் நோக்கம். முக்கால் நூற்றாண்டு நீரிற் கிடந்த இரும்புடலைப் புதுக்குவதற்கு நியாயம் குறைவு. ஆனால் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யின் நிலை வேறு. சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். வல்வை மாலுமிகளோடு புறப்பட்ட அக்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அந்நிய நாட்டுக் கடலோடி ஒருவர் அதன் தகுதியை அறிந்தார். வல்வையின் பாய்க்கப்பற் கட்டுந்தொழிலோ நாளடைவில் வழக்கொழிந்தது.

ஆகவே, ஒரு கலம் காக்கத்தக்கதா என்னும் வினாவோடு, அதைக் கட்டிய அறிவு இன்னும் யாரிடத்து உள்ளது என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். மரம் உளுத்தால் மாற்று மரம் கிடைக்கும். தச்சரின் கைத்திறன் மறைந்தபின் அதனை விலைகொடுத்துப் பெற வழியில்லை. கிழக்கு, வடக்குக் கரைகளில் எஞ்சியுள்ள பழைய கலங்களை அளந்து வரைந்து பதிவதும், முதிய தச்சரின் தொழிற்சொற்களைத் தொகுப்பதும் கோடிப் பணம் வேண்டாத பணிகள். புதுக்குதற்குரிய முதற்படியும் அதுவே எனலாம்.