பெண் வாதியும் செலவுப் பிணையமும்: நீக்கப்பட்ட ஒரு விதியின் வரலாறு

உரிமையியல் வழக்கில் தோற்றவர் வென்றவரின் செலவை ஏற்க வேண்டும் என்பது பொது நெறி. தோற்கும் வாதியிடமிருந்து அச்செலவை வசூலிக்க வழியில்லாத நிலையில், வழக்கு நடக்கும்போதே அவரிடம் பிணையம் கோரலாம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 25 இதற்கெனவே அமைந்தது. வாதி நாட்டுக்கு வெளியே வசிப்பவர், வழக்குச் சொத்தைத் தவிர வேறு போதிய அசையாச் சொத்து இங்கு இல்லாதவர் என்றால் பிணையம் கேட்கலாம். குறித்த காலத்துக்குள் அதைச் செலுத்தாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும்.

அதே ஆணையின் முதல் விதியில் மூன்றாவதாக ஒரு துணைவிதியும் இருந்தது. பணம் கோரும் வழக்கில் வாதி பெண்ணாக இருந்து, அவருக்குப் போதிய அசையாச் சொத்து இல்லையெனில், அவர் உள்நாட்டிலேயே வசித்தாலும் பிரதிவாதியின் விண்ணப்பத்தின் பேரில் பிணையம் கோரலாம் என்றது அது. அதே நிலையிலுள்ள ஆண் வாதிக்கு இத்தகைய விதி இல்லை.

இதன் தர்க்கம் அச்சட்டத்தின் 56ஆம் பிரிவோடு சேர்த்து வாசிக்கும்போது விளங்கும். பணத் தீர்ப்பாணையை நிறைவேற்றுவதற்காகப் பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கூடாது என்கிறது அப்பிரிவு. சொத்தில்லாத ஆணைச் சிறை அச்சத்தால் செலுத்தவைக்கலாம். பெண்ணிடம் அக்கருவி பயன்படாது. எனவே ஒரு கையால் அளிக்கப்பட்ட பாதுகாப்புக்கு மறு கையால் விலை கேட்கப்பட்டது எனலாம்.

அந்த விலை அசையாச் சொத்தால் அளக்கப்பட்டதுதான் சிக்கல். அக்காலத்தில் நிலமும் வீடும் பெண்ணின் பெயரில் அமைவது அரிது. சீதனம் பெரும்பாலும் நகையாகவும் பாத்திரமாகவும் இருந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவர் சொத்தில் பங்களித்தபோதும், அதை வரம்புக்குட்பட்ட உரிமையாகவே அளித்தது. அதே ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. சொத்துரிமையை மறுத்த அதே சட்ட அமைப்பு, சொத்தில்லாமையைக் காரணம் காட்டி நீதிமன்ற வாயிலில் பணம் கேட்டது.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின், இத்துணைவிதி பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 15(1)ஆம் உறுப்புக்கு முரணானதா என்ற வினா கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முன் எழுந்தது. 1951ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற மகாதேவ் ஜியூ வழக்கில் நீதிமன்றம் விதியைச் செல்லத்தக்கதென்றே கொண்டது. உறுப்பு தடுப்பது பாலினத்தை ‘மட்டுமே’ காரணமாகக் கொண்ட பாகுபாட்டை. இங்கோ பாலினத்தோடு சொத்தில்லாமையும் சேர்ந்துள்ளது என்பது அதன் வாதம். நிலவுடைமையே பாலினத்தால் பங்கிடப்பட்டிருந்த சமூகத்தில், அவ்விரண்டையும் தனித்தனிக் காரணங்களாகப் பிரிக்க இயலுமா என்ற கேள்வி விடையின்றி நின்றது.

விதியை இறுதியில் நீக்கியது நாடாளுமன்றமே. 1956ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைத் திருத்தச் சட்டம் அத்துணைவிதியை அகற்றியது. அதே ஆண்டில்தான் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இந்துப் பெண்ணின் வரம்புக்குட்பட்ட சொத்துரிமையை முழு உரிமையாக்கியது.

விதி மறைந்தாலும் அதைக் காத்த தர்க்கம் மறையவில்லை. 1981ஆம் ஆண்டின் ஏர் இந்தியா – நர்கீஸ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘பாலினம் மட்டும்’ என்பதற்கும் ‘பாலினத்தோடு பிற காரணங்கள்’ என்பதற்கும் இடையே அதே வேறுபாட்டைக் கண்டது. அந்த அணுகுமுறை 2018ஆம் ஆண்டின் நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட்டின் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. சட்ட வரலாற்றை வாசிப்போர் பெரும் உரிமைச் சாசனங்களை மட்டுமன்றி, வழக்குச் செலவு குறித்த சிறு விதிகளையும் கூர்ந்து நோக்க வேண்டியதன் தேவை இங்குப் புலனாகிறது. நீதிமன்றத்தில் யார் நுழையலாம் என்பதை நடைமுறையில் தீர்மானித்தவை பல வேளைகளில் அத்தகைய விதிகளே.