தேன் காட்டும் பறவை

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, அடர்ந்த மழைக்காடு தவிர்த்த மரவெளிகளில் வாழ்கிறது பெரிய தேன்காட்டி. நீளம் சுமார் 20 செ.மீ.; மேலே சாம்பல் கலந்த பழுப்பு, அடியில் வெளிர்நிறம், வாலோரம் வெள்ளை. ஆணுக்குத் தொண்டை கறுப்பு, அலகு இளஞ்சிவப்பு. மொத்தத்தில் எடுப்பான தோற்றமில்லை. பஞ்சுருட்டான் முதலியவற்றின் பொந்தில் முட்டையிடும். அதன் குஞ்சு கொக்கி அலகால் அந்த வீட்டுக் குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

மனிதரிடம் மட்டும் அது வேறு முகம் காட்டுகிறது. கத்திக்கொண்டே மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டுக்கு அழைத்துச் செல்லும். தேனெடுத்தபின் மிஞ்சும் மெழுகும் புழுக்களும் அதற்குக் கூலி. இன்றைய மொசாம்பிக்கின் சோபாலாவில் இருந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜோவாவ் தோஸ் சாந்தோஸ் 1588-லேயே இதைக் குறித்தார். அவருடைய தேவாலய மெழுகுவர்த்தியையே அது கொத்தித் தின்றதாம்! ஆனாலும் அறிஞர் சிலருக்கு நம்பிக்கை வரவில்லை. கென்யாவின் போரன் மக்களிடையே நடந்த ஆய்வு 1989-ல் வெளியானது: பறவையின்றிக் கூடு தேடச் சராசரி 8.9 மணி நேரம், பறவையோடு 3.2 மணி நேரம். போரன் மக்களுக்கு இது எப்போதோ தெரிந்த செய்திதான்.

மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ ஆண்கள் ‘பிர்ர்-ஹ்ம்’ என்று குரலெழுப்பி இந்தப் பறவையை அழைக்கிறார்கள். அந்தக் குரலைத் தந்தையரிடம் கற்கிறார்கள். அவ்வாறு அழைத்தால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்வதை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது.