பாட்டியின் ஒரே படம்

எங்கள் பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு படம்தான். அடையாள அட்டைக்காக எடுத்ததில் மிஞ்சிய பிரதி. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், மலாயாவில் 12 வயதைத் தாண்டிய எல்லாரும் படத்தோடும் கைரேகையோடும் பதிந்துகொள்ள வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு சொன்னது. தோட்டத்துக்கே படம் புடிக்க ஆள் வந்ததாகப் பாட்டி சொல்வார். “வெள்ளத் துணிக்கு முன்னால ஒக்காரச் சொன்னான். கண்ண மூடித் தொறக்கல, அடுத்த ஆளக் கூப்புட்டுட்டான்.”

பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் இன்னொரு ஜொகூர்ப் பெண்ணைப் பார்த்தேன். திருமண உடையில் இருக்கும் தன் மனைவியை ஓ. டான் பெரிஸ் 1933-இல் தீட்டிய ஓவியம் அது. இன்று தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்து, ஜொகூர் சுல்தான் இப்ராஹிமின் அரண்மனை ஓவியராக இருந்தவர் அவர். அந்தத் துணி மடிப்புகளைப் பார்த்தால், எத்தனை நாள் உட்கார்ந்து தீட்டினாரோ என்று தோன்றும்.

அவர் மகன் எரிக் பெரிஸ், 1939-இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். தூரிகையை விட்டுக் கேமராவைப் பிடித்தார். ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழின் படப்பிரிவு ஆசிரியராக இருந்தார். பத்திரிகைப் படத்துக்கு ஆயுள் ஒரு நாள். ஆனால் அவர் தனக்கென்று எடுத்த படங்களில் அந்த அவசரமே கிடையாது. ஈயச் சுரங்க நிலங்களை எடுத்தார். தாகூரின் கீதாஞ்சலியை மனத்தில் வைத்து ஒரு வரிசை செய்தார். தன் வீட்டு ஜன்னல் கம்பி வழியே தெரிந்ததையே ஒரு படத்தொடராக்கினார். ஜன்னலுக்கு வெளியே அப்படி என்ன இருந்துவிடும்? ஒன்றும் இல்லை, திரும்பத் திரும்பப் பார்க்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் படம் எடுப்பது பாதி வேலைதான். மீதி இருட்டறையில். காகிதத்தில் முகம் மெல்ல எழும். ஹைப்போவில் போட்டு நிலைநிறுத்த வேண்டும். அதன் பிறகு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் பலருக்குப் பொறுமை போய்விடும். காகிதத்தில் ஹைப்போ தங்கிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல வருஷம் கழித்துப் படம் பழுப்பேறி, முகம் மங்கும்.

பாட்டியின் படம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. எடுத்தவரைக் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் எத்தனை முகமோ, தோட்டத்தில் எவ்வளவு தண்ணீரோ. அவரிடம் கேட்டது அடையாளம்தான், படம் இல்லை. ஆனால் ஒரு கலைமேல் ஆயுள் முழுக்க வைக்கிற பிரியம் என்றால் என்ன என்று கேட்டால், அந்த அலசுகிற நேரத்தைத்தான் சொல்வேன். ஜன்னல் கம்பிக்குக்கூட அது கிடைத்திருக்கிறது.

சாவதற்கு முந்தைய வருஷம் பாட்டி அந்தப் படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“நல்லா வுழுந்திருக்கேனாடா?”

மூக்குத்தி இருக்கும் இடம் மட்டும் தெளிவாக இருந்தது. “நல்லா வுழுந்திருக்கீங்க பாட்டி” என்றேன்.