சந்தா என்னும் முத்திரை

செகந்திராபாத்திலிருந்து காசிப்பேட்டை செல்லும் இருப்புப்பாதையில், சில கல் தொலைவில் மௌலா அலி என்றொரு நிலையம் உண்டு. அங்கே பெரும்பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் உச்சியில் ஹஜரத் அலியின் பெயரால் அமைந்த தர்கா இருக்கிறது. அடிவாரத்தில், மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் இரண்டு சமாதிகள் உள்ளன. ஒன்று ராஜ் கன்வர் பாய் என்ற தாயினுடையது. மற்றொன்று அவருடைய மகள் மாஹ் லகா பாயினுடையது. உச்சிக்கு ஏறுவோர் பலர். தோட்டத்துக்குள் நுழைவோர் சிலரே.

1768 இல் பிறந்த மாஹ் லகா பாய், இரண்டாம் ஆசப் ஜா எனப்படும் நிஜாம் அலி கானின் அவையில் ஆடியும் பாடியும் புகழ் பெற்றவர். குஷ்ஹால் கான் என்ற பெரும் வித்துவானிடம் இசை பயின்றார். குதிரையேற்றமும் வில்வித்தையும் கற்று, நிஜாமுடன் போர்ப் பாசறைகளுக்கும் சென்றார். மாஹ் லகா என்பது, மதிமுகத்தாள் என்னும் பொருளில் அவருக்குக் கிடைத்த பட்டம். ஜாகீர் நிலங்களும் அவருக்கு உரிமையாயின. அரசவை ஆடல் மகளிரைப் பற்றிப் பேசும்போது அழகையும் ஆதரவாளர்களையும் மட்டுமே பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். இவ்வம்மையார் எழுதினார் என்பதையே நாம் முதலில் வைத்துப் பேச வேண்டும்.

அவர் எழுதியவை உருதுக் கஜல்கள். ஒவ்வொன்றும் ஐந்தே கண்ணிகள் கொண்டது. கஜலின் ஈற்றுக் கண்ணியில் கவிஞர் தம் புனைபெயரை அமைப்பது மரபு. தியாகையர் தம் கிருதிகளில் தம் பெயரையே முத்திரையாகப் பதித்ததை அறிந்த நமக்கு இது புதிதன்று. மாஹ் லகா பாயின் முத்திரை ‘சந்தா’. அதற்கும் சந்திரன் என்றே பொருள். 1798 இல் இக்கவிதைகள் ஒரு திவானாகத் தொகுக்கப்பெற்றன. மறு ஆண்டு அதன் ஒரு பிரதியை ஜான் மால்கம் என்ற ஆங்கில அதிகாரிக்கு அவர் அன்பளிப்பாக அளித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. திவான் படைத்த முதற்பெண் இவரே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அதே ஐதராபாத்தில் லுத்ஃபுன்னிஸா இம்தியாஸ் என்பவர் சிறிது முந்திக்கொண்டார் என்று பின்னர் தெரியவந்தது. ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் இருவர் எழுதினர் என்பதன்றோ வியப்பு!

முத்திரையின் அருமையை அறிய, ஐரோப்பாவில் பெர்லின் நகரத்து ஒரு வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். 1805 இல் பிறந்த ஃபானி மெண்டல்சோன், தம்பி ஃபெலிக்ஸுடன் சமமாகப் பியானோவும் இசையமைப்பும் பயின்றவர். தம்பிக்கு இசை தொழிலாகலாம். உனக்கு அணிகலனாக மட்டுமே இருக்கலாம் என்பது தந்தையாரின் முடிவு. ஃபானியின் பாடல்கள் ஆறு, தம்பியின் பெயரில் வெளியான இரு தொகுதிகளில் இடம்பெற்றன. 1842 இல் விக்டோரியா அரசியார் தமக்கு மிகப் பிடித்ததென்று அவற்றில் ஒன்றைத் தேர்ந்து பாடியபோது, அது தம் தமக்கையின் பாடல் என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பாடியது அரசியாராயிற்றே, வேறு எப்படிச் சொல்வது!

ஃபானி தம் பெயரிலேயே தம் பாடல்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது 1846 இல்தான். மறு ஆண்டு மே மாதம், இசை ஒத்திகையின்போது நோயுற்று அன்றே மறைந்தார். தியாகையர் மறைந்ததும் அதே 1847 ஆம் ஆண்டில்தான். ஃபானி 1828 இல் பியானோவுக்கு அமைத்த ‘ஈஸ்டர் சொனாட்டா’வின் கைப்பிரதி, 1970 இல் கண்டெடுக்கப்பட்டபோது தம்பியின் படைப்பாகவே கொள்ளப்பட்டது. அது ஃபானியினுடையதே என்று ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது 2010 இல்.

ஃபானிக்கு இசைக்குறியீடு இருந்தது. பெயர் வைக்க இடமில்லை. ஆகவே அவர் அமைத்த இசை அழியாமல் நின்றது. அவர் பெயர் காணாமற்போயிற்று. மாஹ் லகா பாய்க்கு நேர்ந்தது இதன் மறுதலை. சொல் ஏட்டில் ஏறியது. அதைப் பாடிய மெட்டு குரலோடு போயிற்று. ஆயினும் சந்தா என்ற பெயரை ஈற்றுக் கண்ணியிலிருந்து எடுத்தால் கவிதை குறைந்துவிடும். வேறொருவர் பெயரில் அதை உலவவிடுவது எளிதன்று.

தாயின் சமாதியை 1792 இல் எழுப்பியவர் மாஹ் லகா பாயே. 1824 இல் மறைந்தபோது அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். பின்னர் பாழடைந்து கிடந்த தோட்டமும் கட்டடங்களும், அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் 2010 ஆம் ஆண்டையொட்டிச் செப்பனிடப்பட்டன. உஸ்மானியாப் பல்கலைக்கழகம் பரந்திருக்கும் அடிக்மெட் நிலத்தில் ஒரு பகுதி, முன்னர் அவருடைய ஜாகீராக இருந்ததே.