கடைசி ஆள் எங்கே?

2-இன் கனமூலம் எவ்வளவு? கால்குலேட்டரைத் தட்டினால் 1.259921 என்று ஆரம்பித்து நிற்காமல் ஓடும். 5/4 என்று வைத்துக்கொண்டால் 1.25. பரவாயில்லை. 63/50 என்றால் 1.26. அட, பக்கத்தில் வந்துவிட்டோமே! ஆனால் எந்தப் பின்னமும் அதை அப்படியே பிடித்துவிட முடியாது. எவ்வளவு நெருங்கலாம் என்பதுதான் கேள்வி.

1844-ல் பிரான்ஸின் லியூவில் முதல் வேலியைப் போட்டார். பின்னத்தின் கீழ் எண் q என்றால், இடைவெளி q-வின் மூன்றாம் அடுக்குக்குக் கீழே போகாது. கூடவே வரும் சில்லறை எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். நாணயமான மனிதர்.

1909-ல் நார்வேக்காரர் ஆக்செல் தூ (பெயரே அதுதான், யாரையும் திட்டவில்லை) அந்த 3-ஐ இரண்டரைக்குச் சற்று மேலே வரை இறக்கினார். அதைவிட நெருங்கும் பின்னங்கள் எண்ணிக்கையில் அடங்கிவிடும் என்றார். 1955-ல் லண்டனில் கிளாஸ் ராத் 2-க்குச் சற்று மேலே வரை கொண்டுபோனார். 2-ஐத் தாண்டி இறங்கவே முடியாது. 1958-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். பி.காம். படித்த எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கடையில் பாக்கி வைத்தவர்கள் எண்ணிக்கைக்கு முடிவு உண்டு என்று ஆடிட்டர் சத்தியம் செய்கிறார். சரி சார், நோட்டில் கடைசிப் பக்கம் எது? 'தெரியாது' என்கிறார்!

காரணம் நிரூபண முறை. அபாரமாக நெருங்கும் பின்னம் ஒன்று கையில் கிடைத்தால், அதற்கு வெகுதூரம் அப்பால் இன்னொன்று இருக்க முடியாது என்று மடக்குவார்கள். ஆக, எல்லை போட முதல் ஆள் பிடிபட வேண்டும். அப்படி ஓர் ஆளே இல்லாவிட்டால்? தேற்றம் அப்போதும் உண்மைதான். ஆனால் எதுவரை தேடிவிட்டு வீட்டுக்குப் போவது என்று யாருக்கும் தெரியாது.

1964-ல் ஆலன் பேக்கர் என்ற இங்கிலாந்து இளைஞர் 2-இன் கனமூலத்துக்கு ஒரு விடை கொடுத்தார். மூன்றாம் அடுக்குக்குப் பதில் 2.955. ஆடித் தள்ளுபடியில்கூட இவ்வளவு கம்மியாகக் குறைக்க மாட்டார்கள்! ஆனால் ரசீதில் எல்லா எண்ணும் இருந்தது. சில்லறை எண், பத்து லட்சத்தில் ஒன்று.

அடுத்து, மடக்கைகளை வைத்து அவர் கண்டுபிடித்த முறைதான் பெரிய அறுவடை. 1, 3, 8, 120. இதில் எந்த இரண்டைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் வர்க்க எண் வரும். போட்டுப் பாருங்கள்: 8 × 120 + 1 = 961, அதாவது 31-இன் வர்க்கம். ஃபெர்மா காலத்துச் சமாச்சாரம். 120-க்குப் பதிலாக வேறு எண் உண்டா? முடிவில்லாமல் வராது என்பது பழைய வழியிலேயே தெரியும். எங்கே நிறுத்துவது என்பது தெரியாது. பேக்கரும் அவருடைய ஆசிரியர் டேவன்போர்ட்டும் 1969-ல் ஒரு ராட்சத உச்சவரம்பு போட்டு, மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சலித்தெடுத்தார்கள். 120 மட்டும்தான்! மறு வருடம் பேக்கருக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கம், 31 வயதில்.

2-இன் கனமூலத்துக்கு அந்த 2.955-ஐ 1997-ல் மைக்கேல் பென்னட் 2.5 ஆக்கினார். ராத்தின் 2-க்கு மட்டும் இன்றுவரை யாரும் ரசீது எழுதவில்லை.